ஏக்கின்ஸ் புகைப்படத்திலிருந்து கோடு எடுத்தாரா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க உருவப்பட ஓவியர் தாமஸ் ஏக்கின்ஸ் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். நான் எண்ணெய் வண்ணத்தில் உருவப்படம் வரையப் பழகிக்கொண்டிருப்பவன். ஏக்கின்ஸ் புகைப்படங்களைக் கேன்வாஸ்மேல் விழச்செய்து கோடு எடுத்தார் என்று அண்மையில் அறிந்து ஏமாற்றமடைந்தேன். ‘உள்ளதை உள்ளபடி கண்டவர்’ என்ற பெயர் அவருக்குப் பொருந்துமா? அவ்வளவு துல்லியமாக வரைந்தவரைத் தேடி ஏன் ஆட்கள் வரவில்லை? இன்னொரு சந்தேகமும் உண்டு. ‘கிராஸ் கிளினிக்’ ஓவியம் ஒரு புத்தகத்தில் சிவந்தும் மற்றொன்றில் இருண்டும் இருக்கிறது. எதை நம்புவது?

க.

அன்புள்ள க.,

கோடு எடுத்தார், உண்மைதான். ஏக்கின்ஸின் மாணவர் சார்லஸ் பிரெக்லர் காப்பாற்றி வைத்திருந்த பெரும் சேகரம் 1985இல் பென்சில்வேனியா நுண்கலை அகாடமிக்கு வந்தது. அதிலிருந்த புகைப்படங்களையும் ஓவியங்களையும் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தின் ஓவியப் பராமரிப்பு வல்லுநர்கள் 2001 கண்காட்சியை ஒட்டி ஒப்பிட்டார்கள். ‘வலை செப்பனிடுதல்’ (1881) போன்ற படங்களில் வண்ணத்துக்கு அடியில் இருந்த பென்சில் குறிகள் அகச்சிவப்புக் கதிரில் தெரிந்தன. அவை புகைப்பட உருவங்களின் விளிம்புகளோடு அப்படியே பொருந்தின.

அவர் செய்த விதத்தைக் கவனியுங்கள். மாஜிக் லாந்தர் என்ற, விளக்கொளியால் படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி வழியாகப் படத்தைக் கேன்வாஸில் விழச்செய்து, தொப்பி முடியும் இடம், முழங்கை மடியும் இடம், பாதம் தரையைத் தொடும் இடம் என்று முக்கியமான புள்ளிகளில் சின்னச் சின்னக் குறிகளை இட்டிருக்கிறார். வண்ணம் ஏறியதும் பென்சில் குறி மறைந்துவிடும். அடுத்த அடுக்கைத் தீட்டும்போது விளிம்பு எங்கே என்று தெரியாது. எண்ணெய் வண்ணத்தில் உருவம் அடுக்குக்கு அடுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ‘நகர்ந்து’ போவது இப்படித்தான், உங்களுக்கும் நேர்ந்திருக்கும். அதனால் அவர் கூரிய முனையால் வண்ணத்திலேயே மெல்லிய கீறல்களை இட்டுக்கொண்டார். மேலே எத்தனை பூச்சு வந்தாலும் கீறலை வைத்து இடத்தைத் திரும்பப் பிடிக்கலாம்.

ஆனால் ‘வலை செப்பனிடுதல்’ ஒரே புகைப்படத்தின் நகல் அல்ல. டெலவேர் ஆற்றங்கரையில் தனித்தனியாக எடுத்த உருவங்களை ஒரே தரையில் நிற்கவைத்திருக்கிறார். செய்து பாருங்கள், சிரமம் புரியும். ஒவ்வொரு படத்திலும் கேமராவின் உயரமும் தூரமும் வேறாக இருக்கும். கண்மட்டக் கோடு ஒன்றாகச் சேராவிட்டால் ஒருவர் மிதப்பார், அடுத்தவர் குழிக்குள் நிற்பார். யாரை எவ்வளவு பெரிதாக்குவது என்பதைப் பெர்ஸ்பெக்டிவ், அதாவது தூரத்துக்கேற்ப உருவம் சிறுக்கும் கணக்கு, தெரிந்தவர்தான் கணக்கிட முடியும்.

அந்தக் கணக்கு கேமராவுக்கு முன்பே அவரிடம் இருந்தது. அவர் கேமரா வாங்கியது 1880 வாக்கில். 1870களின் தொடக்கத்திலேயே துடுப்புப் படகு ஓவியங்களுக்கு, பார்ப்பவரின் கண்ணிலிருந்து படகு எத்தனை அடி தள்ளி நிற்கிறது என்று அளந்து பெரிய வரைபடங்கள் தயாரித்திருக்கிறார். சாய்ந்து திரும்பிச் செல்லும் படகை நேரடியாக வரைய முயலாதீர்கள் என்று மாணவர்களுக்குச் சொன்னார். படகைச் செங்கல் போன்ற ஒரு பெட்டிக்குள் அடக்குங்கள், முதலில் பெட்டியைச் சாய்த்து வரையுங்கள், பிறகு அதற்குள் படகை அளந்து வையுங்கள் என்பது அவருடைய பாடம். தலையை வரையும்போதும் இது உதவும். திரும்பிய தலையில் தூரத்துக் கண் தவறான உயரத்தில் அமர்வதற்குப் பெரும்பாலும் காரணம், பெட்டியை யோசிக்காமல் கண்ணை மட்டும் பார்த்து வரைவதுதான்.

உருவப்படங்களுக்கு வருகிறேன். என் மதிப்பீட்டில் அவருடைய உச்சம் அங்கேதான். வழக்கமாக, ஆளை எதிரே உட்காரவைத்து முதலில் ஒரு சிறிய எண்ணெய் வண்ண முன்வரைவு செய்வார். ஒளி எங்கே விழுகிறது, இருட்டு எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பது அதிலேயே முடிவாகிவிடும். பிறகு அதன்மேல் கட்டம் கீறிப் பெரிய கேன்வாஸுக்கு மாற்றுவார். தூரிகையை மாணவரிடம் சீக்கிரமே கொடுத்துவிட வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். பென்சில் விளிம்பைத்தான் தரும், உடலின் கனத்தைத் தூரிகைதான் ஒரே வீச்சில் பிடிக்கும் என்று நம்பினார்.

‘கச்சேரிப் பாடகி’ (1890–92) படத்துக்குப் பாடகி வீடா குக் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வந்து நின்றார். ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் மெண்டல்சோனின் ‘எலைஜா’ என்ற இசைப்படைப்பிலிருந்து ஒரே பாடலைப் பாடச்சொல்லி, தொண்டைத் தசைகள் அசைவதை ஏக்கின்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஓவியத்தில் வாயைவிட்டுக் கழுத்தைப் பாருங்கள், சுரம் அங்கே நிற்கிறது. இதை எந்த லாந்தரும் தராது.

இனி, ஏன் ஆட்கள் வரவில்லை என்ற கேள்வி. அமீலியா வான் பியூரன் அவருடைய மாணவி, ஏக்கின்ஸ் வரைந்தபோது முப்பதுகளில் இருந்தவர். படத்தில் நரை தெரிகிறது, கண் சோர்ந்திருக்கிறது, தலை கையில் சாய்ந்திருக்கிறது. பணம் கொடுத்துப் படம் வரையச் சொல்பவர் வரவேற்பறையில் மாட்ட விரும்பும் முகம் இதுவல்ல. 1877இல் குடியரசுத் தலைவர் ஹேய்ஸை மேசையில் வேலை செய்பவராக வரைந்தார். அந்தப் படம் பிடிக்காமல் போய், பிறகு காணாமலும் போயிற்று. அவருடைய உருவப்படங்களில் பெரும்பாலானவை அவராகவே கேட்டு உட்காரவைத்து வரைந்தவை. பலவற்றை நண்பருக்கு என்று எழுதி அன்பளிப்பாகக் கொடுத்தார். வாங்கியவர்களில் சிலர் மாட்டவே இல்லை.

1886 இந்த நிலையை இன்னும் மோசமாக்கியது. அவர் பாடம் நடத்திவந்த பென்சில்வேனியா அகாடமியில் பெண்களும் இருந்த வகுப்பில் ஆண் மாடலின் இடைத்துணியை நீக்கினார் என்பது உடனடிக் காரணமாகி, இயக்குநர் பதவியிலிருந்து விலக நேர்ந்தது. அதற்குப் பிறகும் அவர் அளவைச் சுருக்கவில்லை. 1889இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவ மாணவர்கள் டாக்டர் ஆக்னியூவின் தனி உருவப்படத்துக்கு 750 டாலர் தர முன்வந்தார்கள். அதே தொகைக்கு ஏறத்தாழ 10 அடி அகலத்தில் அறுவைக்கூடம் முழுவதையும் வரைந்து கொடுத்தார். இந்த மனிதரைப் பற்றி நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது இந்தக் கணக்குத்தான்.

‘கிராஸ் கிளினிக்’ (1875) விஷயத்தில் உங்கள் இரண்டு புத்தகங்களும் பொய் சொல்லவில்லை; இருவேறு காலத்து ஓவியத்தைக் காட்டுகின்றன. 8 அடி உயரம், 6.5 அடி அகலம். டாக்டர் சாமுவேல் கிராஸ் ஒரு நோயாளியின் தொடையிலிருந்து செத்த எலும்பை அகற்றுகிறார். மேலிருந்து வரும் ஒளி அவர் நெற்றியிலும், ரத்தம் தோய்ந்த விரல்களிலும், கீறிய தொடையிலும் மட்டும் நிற்க வேண்டும். அதற்காக ஏக்கின்ஸ் சுற்றிலும் இருந்த பகுதிகளைத் தீட்டி முடித்தபின், ஒளி ஊடுருவும் மெல்லிய கரும்பூச்சுகளால் அடக்கினார்.

ஆபத்து அந்தப் பூச்சில்தான் இருந்தது. பழைய வார்னிஷைக் கரைக்கும் திரவம் அதையும் கரைத்துவிடும். பழுத்த வார்னிஷும் பழுப்பு, அவருடைய பூச்சும் பழுப்பு. ‘அழுக்கு’ என்று துடைத்தவர்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓவியரின் கடைசி வேலையையே துடைத்துவிட்டார்கள். கிராஸின் பின்னால் உள்ள நடைவழி செக்கச்செவேலென்று முன்னால் வந்து, அங்கே நிழலில் நிற்க வேண்டியவர்கள் கண்ணைப் பிடுங்கினார்கள். 2010இல் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் இதைச் சரிசெய்தபோது, ஏக்கின்ஸே மையில் வரைந்திருந்த கறுப்பு வெள்ளை நகலும், சுத்தம் செய்வதற்கு முந்தைய பழைய புகைப்படமும் வழிகாட்டின.

உங்கள் சிவந்த புத்தகம் 2010க்கு முந்தைய நிலையைக் காட்டுகிறது என்று கொள்ளலாம். அந்த மை நகல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் படத்தை எடுத்து உங்கள் இரண்டு அச்சுகளுக்கும் நடுவே வைத்து, நடைவழியின் கருமையையும் கிராஸ் அணிந்திருக்கும் மேலங்கியின் கருமையையும் ஒப்பிடுங்கள். நீங்களே தீட்டும்போது இதுபோன்ற அடக்கும் பூச்சு போட்டால், எங்கே போட்டீர்கள், எந்த எண்ணெய், எந்தப் பிசின் என்று கேன்வாஸின் பின்புறம் எழுதிவையுங்கள்.