காற்று செதுக்கும் பாலை: கேள்வி பதில்

கே: பர்கான் என்னும் பிறை வடிவ மணற்குன்றின் கொம்புகள் காற்று வரும் பக்கமா, போகும் பக்கமா?

ப: போகும் பக்கம். ஒரே திசைக் காற்று, கெட்டித் தரை, குறைவான மணல் மூன்றும் சேர்ந்தால்தான் இந்தப் பிறை. காற்று மோதும் பக்கம் 10–15 டிகிரியில் மெதுவாக ஏறும். மறுபக்கம் 32–34 டிகிரிச் சரிவு. உலர்ந்த மணல் அதைவிடச் செங்குத்தாக நிற்காது. முகட்டில் மணல் சேரச் சேரச் சரிந்து விழும். குன்று நகர்வது அப்படித்தான். ஓரங்களில் உயரம் குறைவு, தள்ள வேண்டிய மணலும் குறைவு. அதனால் அவை முந்திப்போய்க் கொம்பாகின்றன.

கொம்பை மட்டும் வைத்துத் திசை சொல்லிவிடாதீர்கள். தார் பாலையில் நிறையக் காண்பது பரவளையக் குன்று. அங்கே செடிகள் ஓரங்களைப் பிடித்துக்கொள்ள, நடுப்பகுதி மட்டும் முன்னேறும். கொம்பு பின்தங்கி, தென்மேற்குக் காற்று வரும் பக்கம் நீளும். முதலில் செங்குத்தான சரிவு முகத்தைத் தேடுங்கள், அது காற்று போகும் பக்கம் இருக்கும்.

கே: காளான் பாறையின் அடி மட்டும் ஏன் தேய்கிறது?

ப: மணல் பறப்பதில்லை, குதிக்கிறது. 0.1 முதல் 0.5 மில்லிமீட்டர் வரையான துகள்களில் பெரும்பாலானவை தரையிலிருந்து சில சென்டிமீட்டர்தான் எழும்பும். பலத்த காற்றில் ஏறக்குறைய ஒரு மீட்டர். அதற்கு மேல் போவது தூசி, பாறையைச் செதுக்கும் திராணி அதற்கில்லை. அடிப்பாறை மென்மையாக இருந்தாலோ, தரையீரத்து உப்பு படிகமாகிப் பாறையை உரித்தாலோ இதே வடிவம் வரும்.

கே: 10 மீட்டர் உயரப் பாறை உச்சியில் குழிகள். மணல் அரித்ததா?

ப: இல்லை. முந்தைய பதில்.

கே: சஹாரா முழுக்க மணல்தானே?

ப: ஏறக்குறைய கால் பங்குதான். மற்றது கல், சரளை, வெற்றுப் பாறை.

கே: சரளை பாவிய பாலைத் தரை என்பது, காற்று நுண்மணலை வாரிச் சென்றபின் மிஞ்சிய கற்கள்தானே?

ப: பல இடங்களில் அல்ல. தோண்டிப் பாருங்கள். மேலே ஒரே அடுக்குக் கல். கீழே கல்லே இல்லாத, நுண்துளைகள் நிறைந்த வண்டல். காற்று வாரியது மட்டுமே காரணமென்றால் கீழேயும் கல் கலந்திருக்க வேண்டுமே? கலிபோர்னியாவின் மொஹாவி பாலையில், சிமா எரிமலைப் பகுதியில் இதை ஆராய்ந்தார்கள். காற்று கொண்டுவந்த தூசி கல் இடுக்கில் இறங்குகிறது. நனைந்து விரிந்து, உலர்ந்து சுருங்கிக் கல்லை மேலேயே வைத்திருக்கிறது. பாறை வெளியே கிடக்கும் காலமெல்லாம் விண்வெளியின் காஸ்மிக் கதிர் பட்டு அதில் சேரும் ஹீலியம்-3 அளவை 1995இல் ஒப்பிட்டார்கள். சரளைக்கும் பக்கத்து லாவாப் பாறைக்கும் ஒரே வயது வந்தது. அந்தக் கற்கள் புதைந்தே இருக்கவில்லை. அங்கே காற்று செய்தது அரிப்பல்ல, படிவு.

கே: அப்படியானால் காற்றுவாரல் என்பதே பொய்யா? எகிப்தின் கட்டாரா பள்ளம்?

ப: பொய் என்று யார் சொன்னது? கட்டாரா கடல்மட்டத்துக்கு 133 மீட்டர் கீழே இறங்கியதில் காற்றுக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் வாருவதற்கு முதலில் பொடி வேண்டும். அங்கே பாறையைப் பொடியாக்கியதில் உப்புக்கும் பங்கு. நிலத்தடி நீர்மட்டம் வந்தால் ஈரமணல் ஒட்டிக்கொள்ளும், வாரலும் நிற்கும்.

கே: எங்கள் விடைக்குறிப்பில் சரளைக்குக் 'காற்றுவாரல்' என்றுதான் இருக்கிறது.

ப: தேர்வில் அதையே எழுதுங்கள், மதிப்பெண் முக்கியம். களத்தில் மட்டும் தோண்டிப் பாருங்கள். அந்தத் தரையில் வண்டி ஓட்டாதீர்கள்: இரண்டாம் உலகப் போர்ப் பயிற்சியில் டாங்கிகள் பதித்த தடம் மொஹாவியில் இன்னும் அழியவில்லை.

கே: 30 அடி உயரத்தில் பாறைக் குகை, மணல்காற்று...

ப: ஒரு மீட்டர். மூன்றாவது முறை சொல்கிறேன்.

கே: திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துத் தேரி பாலைவனமா?

ப: காற்று குவித்த மணல், ஆனால் பாலைவனமல்ல. சிவப்புக்குக் காரணம், துகள் மேல் படிந்த இரும்பு ஆக்சைடு.

கே: பாதை மேல் மணல் ஏறுகிறது. சுவர் எழுப்பலாமா?

ப: வேண்டாம். சுவரில் மோதும் காற்று சுழன்று அடியைப் பறிக்கும், பின்பக்கம் மணலைக் கொட்டும். பாதியளவு இடைவெளி விட்ட வேலி போதும், காற்று ஊடே போய் வேகம் இழக்கட்டும். சீனாவின் ஷாபோதோவில் ரயில்பாதையைக் காக்க 1950களில் வைக்கோலை 1 மீட்டர் சதுரக் கட்டங்களாக நட்டார்கள். வெளியே தெரியும் உயரம் 10–20 சென்டிமீட்டர். சில ஆண்டுகளில் வைக்கோல் மக்கிவிடும். அதற்குள் கட்டங்களில் செடி வேரூன்றாவிட்டால் மணல் மறுபடி நகரும்.