மானிட்டர் எரிகிறது, ஆனால் 'திரை இல்லை': ராஸ்பெர்ரி பையில் ஃப்ரீபிஎஸ்டி டெஸ்க்டாப்

கேள்வி: ராஸ்பெர்ரி பை 4 (4 ஜிபி) போர்டில் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் போட்டிருக்கிறேன். எழுத்துத் திரை பளிச்சென்று வருகிறது, கேபிள் வழியாக நெட்டும் வருகிறது. திரையில் படம் வரையும் எக்ஸோர்க், அதன்மேல் ஓடும் டெஸ்க்டாப்பான எக்ஸ்எஃப்சிஇ இரண்டையும் நிறுவிவிட்டேன். ஆனால் டெஸ்க்டாப்பைத் தொடங்க ஸ்டார்ட்எக்ஸ் கொடுத்தால் 'நோ ஸ்கிரீன்ஸ் ஃபவுண்ட்' என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுகிறது. கண்ணெதிரே மானிட்டர் எரியும்போது திரையே இல்லை என்றால் எப்படி? எக்ஸ்எஃப்சிஇக்குப் பதில் கேடிஇ டெஸ்க்டாப் போட்டால் சரியாகுமா?

பதில்: ஆகாது. கேடிஇயும் இதே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கும். கோளாறு டெஸ்க்டாப்பில் இல்லை, அதற்கு ஒரு படி கீழே இருக்கிறது.

சாதாரண பிசியில் எக்ஸ் (எக்ஸோர்க்கைத்தான் சுருக்கமாகச் சொல்கிறேன்) தொடங்கும்போது, கார்டுகள் இணையும் பாதையான பிசிஐ பஸ்ஸில் கிராபிக்ஸ் கார்டு இருக்கிறதா என்று தேடும். கிடைத்ததும் அதற்கேற்ற டிரைவரை ஏற்றிக்கொள்ளும். பையில் அப்படித் தேடிப் பிடிக்க எந்தக் கார்டும் கிடையாது. படம் வரையும் பகுதியான வீடியோகோர், பிராட்காம் பிசிஎம்2711 சிப்புக்குள்ளேயே சிபியுவோடு ஒண்டுக்குடித்தனம் நடத்துகிறது. அதை முழுமையாக இயக்கும் டிரைவர் லினக்ஸில் உண்டு, ஃப்ரீபிஎஸ்டியில் இல்லை.

அப்படியானால் எழுத்துத் திரை மட்டும் எப்படி வருகிறது? பைக்குக் கரண்ட் வந்ததும் முதலில் கண்விழிப்பது சிபியு அல்ல, அந்த வீடியோகோர்தான். அது மெமரி கார்டில் இருக்கும் கான்ஃபிக்.டிஎக்ஸ்டி கோப்பைப் படித்து, மானிட்டரைத் தயார்செய்துவிட்டு, இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் சின்ன நிரலான யூ-பூட்டை எழுப்புகிறது. யூ-பூட் கேட்டதும் வீடியோகோர் நினைவகத்தில் ஓர் இடத்தை ஒதுக்கித் தருகிறது. அங்கே எதை எழுதினாலும் அது திரையில் தெரியும். அந்த இடத்தின் முகவரிதான் ஃப்ரீபிஎஸ்டியின் கைக்கு வந்து சேர்கிறது. ஃப்ரேம்பஃபர் என்கிறார்களே, அதுதான் இது. சுவரில் ஆணியடித்து மாட்டிய கரும்பலகை மாதிரி: எழுதலாம், அழிக்கலாம், பலகையின் அளவை மாற்ற முடியாது. 'கார்டைத் தேடாதே, இந்தப் பலகையில் எழுது' என்று எக்ஸிடம் நாம்தான் சொல்ல வேண்டும்.

சொல்வதற்கு எஸ்சிஎஃப்பி என்றொரு சின்ன டிரைவர் இருக்கிறது. ரூட்டாக (நிர்வாகிக் கணக்கில்) நுழைந்து 'பிகேஜி இன்ஸ்டால் எக்ஸ்எஃப்86-வீடியோ-எஸ்சிஎஃப்பி' என்று கொடுங்கள். (கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். நீங்கள் தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து, நடுவில் இருப்பவை வெறும் இணைப்புக் கோடுகள்.) அப்புறம், யூஎஸ்ஆர், லோக்கல், எட்சி, எக்ஸ்11 என்று வரிசையாக உள்ளே போனால் எக்ஸோர்க்.கான்ஃப்.டி என்ற அடைவு இருக்கும், இல்லாவிட்டால் உருவாக்கிக்கொள்ளுங்கள். இதில் எக்ஸ்11 அடைவின் எக்ஸ் மட்டும் பெரிய எழுத்து. அங்கே ஒரு கோப்பு, அதில் நான்கே வரி: செக்‌ஷன் "டிவைஸ்", ஐடென்டிஃபையர் "கார்டு0", டிரைவர் "எஸ்சிஎஃப்பி", எண்ட்செக்‌ஷன். கோப்பின் பெயர் என்னவாகவும் இருக்கட்டும், ஆனால் கடைசியில் '.கான்ஃப்' என்று முடிய வேண்டும். முடியாவிட்டால் எக்ஸ் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது, பிழை என்றும் சொல்லாது. நான் ஒருமுறை '.டிஎக்ஸ்டி' என்று சேமித்துவிட்டு ஒரு சாயங்காலம் முழுவதையும் தொலைத்தேன்.

நிறுவும்போது சான்றிதழ் பிழை வந்தால் மென்பொருளை இறக்கி நிறுவும் பிகேஜியைத் திட்டாதீர்கள், முதலில் 'டேட்' கொடுத்துத் தேதியைப் பாருங்கள். பை 4-இல் கரண்ட் இல்லாதபோதும் நேரம் காக்கும் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. அது போன மாதத்திலேயே நின்றுகொண்டிருக்கலாம். நெட்டிலிருந்து நேரத்தை வாங்கித் தரும் என்டிபிடி சேவையை இயக்கி, தொடங்கும்போதே நேரத்தைச் சரிசெய்யும்படி 'என்டிபிடி_சிங்க்_ஆன்_ஸ்டார்ட்' என்பதற்கும் 'யெஸ்' போட்டுவிடுங்கள்.

எக்ஸ்எஃப்சிஇக்கு, நிரல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள உதவும் டிபஸ் சேவை ஓடிக்கொண்டிருக்க வேண்டும். 'சிஸ்ஆர்சி டிபஸ்_எனேபிள்=யெஸ்', பிறகு 'சர்வீஸ் டிபஸ் ஸ்டார்ட்'. இதில் 'யெஸ்' பெரிய எழுத்தில் இருக்கட்டும். அடுத்து ரூட்டிலிருந்து வெளியே வந்து, உங்கள் சொந்தக் கணக்கின் வீட்டு அடைவில் .எக்ஸ்இனிட்ஆர்சி என்ற கோப்பில் 'எக்ஸெக் ஸ்டார்ட்எக்ஸ்எஃப்சிஇ4' என்ற ஒரே வரியை எழுதுங்கள். இப்போது ஸ்டார்ட்எக்ஸ் கொடுத்தால் டெஸ்க்டாப் வர வேண்டும்.

வந்ததும் டிஸ்ப்ளே அமைப்பைத் திறந்து ரெசல்யூஷனை மாற்றப் பார்ப்பீர்கள், எல்லோரும் செய்வதுதான். மாறாது. பலகையின் அளவை மாற்றும் இடம் கான்ஃபிக்.டிஎக்ஸ்டி. மெமரி கார்டைக் கழற்றி வேறு கணினியில் செருகினால், ஃபேட் பகுதியில் அந்தக் கோப்பு தெரியும். ஹெச்டிஎம்ஐ_குரூப், ஹெச்டிஎம்ஐ_மோட் இரண்டையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும், ஏனென்றால் ஒரே எண்ணுக்கு இரண்டு குரூப்பிலும் இரண்டு அர்த்தம். மோட் 16 என்பது டிவிகளுக்கான குரூப் 1-இல் 1920×1080. அதே 16, கணினி மானிட்டர்களுக்கான குரூப் 2-இல் 1024×768. குரூப் 2-இல் 82 போட்டால் 1920×1080, 85 போட்டால் 1280×720.

என்னைக் கேட்டால் 85. கிராபிக்ஸ் பகுதியின் உதவி இல்லாததால் ஒவ்வொரு புள்ளியையும் சிபியுவே தூக்கிப் போடுகிறது. 1920×1080 திரையில் ஒரு புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒருமுறை முழுத்திரையை வரைய ஏறக்குறைய 8.3 எம்பி. 1280×720-இல் அது 3.7 எம்பிதான். ஜன்னலைப் பிடித்து இழுக்கும்போது வித்தியாசம் கையிலேயே தெரியும். அப்படியே எக்ஸ்எஃப்சிஇயின் விண்டோ மேனேஜர் ட்வீக்ஸில் கடைசித் தாவலுக்குப் போய் கம்போசிட்டரை அணைத்துவிடுங்கள். நிழலும் ஒளிபுகும் ஓரமும் போகும். போகட்டும்.

கேடிஇ ஏன் வேண்டாம் என்கிறேன் என்பது இப்போது புரிந்திருக்கும். அதுவும் க்னோம் என்ற இன்னொரு டெஸ்க்டாப்பும் முப்பரிமாண முடுக்கம் இருக்கும் என்று நம்பிக் கட்டியவை. இல்லாவிட்டால் அந்த வேலையும் சிபியுவின் தலையில் விழும். எக்ஸுக்கு மாற்றான வேலண்ட் பக்கம் போகலாமா என்றால், அதில் ஓடும் ஸ்வே போன்றவைக்கு நம்மிடம் இல்லாத அந்த டிரைவரே அடிப்படை. எக்ஸ்எஃப்சிஇ கனமாகத் தோன்றினால் ஐஸ்டபிள்யூஎம், ஃப்ளக்ஸ்பாக்ஸ் போன்ற லேசான ஜன்னல் மேலாளர்களுக்கு இறங்குங்கள். யூடியூப் பார்ப்பதுதான் முக்கிய வேலை என்றால் வேறொரு கார்டில் ராஸ்பெர்ரி பை ஓஎஸ் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தில் ஃப்ரீபிஎஸ்டியோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

தமிழ்ப் பக்கங்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அது எழுத்துரு இல்லாத குறை, நோட்டோ எழுத்துருக்களை நிறுவினால் தீர்ந்தது.

லைட்டிஎம் போன்ற லாகின் திரையைக் கடைசியில் போடுங்கள். ஸ்டார்ட்எக்ஸ் சரியாக வருவதற்கு முன்பே போட்டால், ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் கருப்புத் திரையில் போய் விழும், எழுத்துத் திரையும் கைவிட்டுப் போகும். மாட்டிக்கொண்டால் வேறு கணினியிலிருந்து, நெட்வொர்க்கில் கட்டளை கொடுக்க உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்து அதை அணைக்கலாம். பைக்கான ஃப்ரீபிஎஸ்டி இமேஜில் எஸ்எஸ்ஹெச் தானாகவே ஓடும். கணக்கு 'ஃப்ரீபிஎஸ்டி', கடவுச்சொல்லும் 'ஃப்ரீபிஎஸ்டி', ரூட்டுக்கு 'ரூட்'. ஊருக்கே தெரிந்த சொற்கள் இவை, இரண்டையும் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் அதே பிழை வந்தால், வார் அடைவுக்குள் லாக் அடைவில் எக்ஸோர்க்.0.லாக் என்ற கோப்பைத் திறந்து, அடைப்புக்குறிக்குள் இரண்டு 'ஈ' உள்ள வரிகளைத் தேடுங்கள். எஸ்சிஎஃப்பி என்ற பெயரே அந்தக் கோப்பில் எங்கும் இல்லையென்றால், உங்கள் நான்கு வரிக் கோப்பை எக்ஸ் படிக்கவே இல்லை. பெயர் வந்தும் தோற்கிறது என்றால், அந்த வரிகளை அப்படியே நகலெடுத்து அனுப்புங்கள்.