கொண்டையா, பின்னலா, கட்டிங்கா? தொழில் பண்ற பெண்களோட கேள்விகள்

போன இதழ்ல, சொந்தமா தொழில் பண்றவங்க, வெளியில நாலு பேரை பாக்கப் போறவங்க எல்லாம் தலை அலங்காரம் பத்தி கேளுங்கன்னு எழுதியிருந்தேன். கும்பகோணம், மாயவரம், திருவாரூர், பட்டுக்கோட்டைன்னு நிறைய கடிதம் வந்திருக்கு. ஒரே மாதிரி இருந்ததை சேர்த்துட்டேன், பேர் போட வேணாம்னு நிறைய பேர் கேட்டதால யாரோட பேரும் போடல.

அக்கா, எனக்கு கும்பகோணம், வயசு 38. திருபுவனம் பட்டு எடுத்து வாட்ஸ்அப்ல வித்துட்டு இருக்கேன், இப்ப சென்னையில ரெண்டு மூணு கடைக்காரங்க நேர்ல வந்து சாம்பிள் காட்டச் சொல்றாங்க. வட்ட முகம், முடி இடுப்பு வரைக்கும் இருக்கு. இந்த ஜடையோட போனா பட்டிக்காடுன்னு நினைப்பாங்க, தோள் வரைக்கும் வெட்டி ஸ்ட்ரெய்ட்டனிங் பண்ணிக்கோன்னு நாத்தனார் சொல்றாங்க. எனக்கு வெட்ட மனசே வரல. என்ன பண்ணட்டும்?

வெட்டாதீங்க மா. முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர், மிஞ்சிப்போனா அதுக்கு கொஞ்சம் மேல தான் வளரும், தோள் வரைக்கும் வெட்டிட்டு திரும்ப இடுப்புக்கு வரணும்னா மூணு வருஷத்துக்கு மேல ஆயிடும். வெட்டிக்க ஆசையா இருந்தா வெட்டிக்கலாம், அது வேற விஷயம், ஆனா யாரோ பட்டிக்காடுன்னு நினைப்பாங்களோன்னு பயந்து வெட்டக்கூடாது. எதிர்ல இருக்குறவங்களுக்கு உங்க முகம் முழுசா தெரியணும், பேசுறப்ப உங்க கை தலைக்கு போகக்கூடாது, காலைல போட்டது சாயங்காலம் வரைக்கும் அப்படியே நிக்கணும், என்னை கேட்டா தொழில் பண்றவங்க தலைக்கு இவ்வளவு தான் கணக்கு. நீளமா குட்டையா சுருட்டையா நேரான்னு எல்லாம் அதுக்கு அப்புறம்.

உங்களுக்கு தாழ்வான கொண்டை தான் சரி. ஏன்னா நீங்க புடவை காட்டப் போறீங்க, குனிஞ்சு கவுன்டர்ல புடவையை விரிக்கிறப்ப ஜடை முன்னாடி வந்து விழும், நுனியில இருக்குற எண்ணெய் பட்டுல பட்டா போச்சு, அந்தக் கறை லேசுல போகாது. கொண்டை போட்டா கழுத்தும் ரவிக்கை முதுகும் எடுப்பா தெரியும், நீங்க கட்டியிருக்குற புடவையே ஒரு சாம்பிள் ஆயிடும்.

போடுற விதம் சொல்றேன். முதல் நாளே தலைக்கு குளிச்சிடுங்க, அன்னைக்கே குளிச்ச முடி வழுக்கும், பின் நிக்காது. வட்ட முகத்துக்கு நேர்வகிடு வேணாம், புருவம் எங்க வளையுதோ அதுக்கு நேரா மேல கோணவகிடு எடுங்க. உச்சியில கொஞ்சம் முடியை தூக்கி அடிப்பக்கம் சீப்பால ரெண்டு தடவை வேரை நோக்கி தள்ளி விட்டு மேலாக வாரிட்டீங்கன்னா அந்த இடம் லேசா எழும்பி நிக்கும், முகம் கொஞ்சம் நீளமா தெரியும். காதுக்கு மேல ஒட்ட இழுக்காம தளர்வா விடுங்க. அப்புறம் பிடரிக்கு சரியா மேல ஒரு ரப்பர் பேண்டு. இங்க தான் நிறைய பேர் முடியை முறுக்கி சுத்துவாங்க, இடுப்பு நீள முடியை முறுக்கி சுத்தினா உருண்டையா பின்னாடி துருத்திக்கிட்டு நிக்கும், முதல்ல பின்னி அந்த ஜடையை சுத்துங்க, தட்டையா அழகா உக்காரும். யூ பின்னை நேரா குத்தக்கூடாது, கொண்டை ஓரத்துல கொஞ்சம் முடியை கோத்து முனை வெளிப்பக்கம் பாக்குற மாதிரி வெச்சு, அப்படியே திருப்பி தலையோட ஒட்டி கொண்டைக்குள்ள தள்ளணும். நாலு பக்கம் நாலு பின், மேல மெல்லிசா கருப்பு நெட்டு. சின்ன ஹேர்பின் குத்துறப்ப நெளிவா இருக்குற பக்கம் தலையை பாத்து இருக்கணும், அது தான் பிடிக்கும், முக்காவாசி பேர் தலைகீழா குத்திட்டு பின் சரியில்லன்னு சொல்றாங்க.

உழவன் எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறி போறீங்கன்னா தளர்வா பின்னிட்டு தூங்குங்க, சென்னையில இறங்கி கொண்டை போட்டுக்கலாம். ஆனா அதுக்கு முன்னாடி வீட்டுல ஒரு சாதாரண நாள்ல போட்டு, சமையல் பார்சல் எல்லாம் பாத்துட்டு ராத்திரி வரைக்கும் நிக்குதான்னு பாத்துக்கோங்க. வாங்க வர்ற கடைக்காரங்க முன்னாடி தான் முதல் தடவை போடுறதுன்னு வெச்சுக்கவே கூடாது.

நாத்தனார் சொன்ன ஸ்ட்ரெய்ட்டனிங் பத்தி கீழ திருவாரூர் தங்கச்சிக்கு எழுதியிருக்கேன், அவங்களையும் படிக்கச் சொல்லுங்க.

மாயவரம். இன்சூரன்ஸ் ஏஜென்ட், தினமும் ஸ்கூட்டில ஊர் ஊரா போறேன். கொண்டை போட்டா ஹெல்மெட் ஏறல, விரிச்சு விட்டா கலைஞ்சு பேய் மாதிரி ஆயிடுது. உச்சியில இறுக்கி போனிடெயில் போட்டுட்டு தான் ஓட்டுறேன். இப்ப நெத்தி ஓரம் முடி கொட்டி ஏறிக்கிட்டே போகுது. ஹெல்மெட்னால தானே?

ஹெல்மெட் மேல பழி போடாதீங்க தங்கச்சி, அதை கழட்டி வைக்கவும் வைக்காதீங்க. நெத்தி ஓரமும் காது பக்கமும் மட்டும் ஏறுதுன்னா பெரும்பாலும் இறுக்கி இழுத்து கட்டுறதால தான். தினமும் ஒரே இடத்துல இழுத்தா வேர் பலவீனம் ஆயிடும். இப்பவே விட்டுட்டீங்கன்னா திரும்ப வளர்ந்துடும், வருஷக்கணக்கா இழுத்துக்கிட்டே இருந்தா அந்த இடம் வழவழன்னு ஆயி அப்புறம் முளைக்கவே முளைக்காது. அதனால இன்னைக்கே உச்சி போனிடெயிலை நிறுத்துங்க, மூணு மாசத்துல மாற்றம் தெரியலன்னா தோல் டாக்டர்கிட்ட காட்டுங்க. தலை முழுக்க கொட்டுதுன்னா அது வேற கதை, காய்ச்சல் வந்து, பிரசவம் ஆகி ரெண்டு மூணு மாசம் கழிச்சு கொத்தா கொட்டுறது உண்டு, ரத்தசோகையும் தைராய்டும் பாக்கணும். நாளைக்கு 50லேருந்து 100 முடி கொட்டுறது எல்லாருக்கும் இருக்குறது தான்.

ஓட்டுறப்ப ஹெல்மெட்டோட கீழ் விளிம்புக்கும் கீழ ஆரம்பிக்கிற மாதிரி தளர்வா ஒத்தை ஜடை போடுங்க, துணி சுத்துன ரப்பர் பேண்டு தான் போடணும். ஹெல்மெட்டுக்குள்ள மெல்லிசா ஒரு காட்டன் துணி கட்டிக்கோங்க, வேர்வையை அது இழுத்துக்கும், தினமும் துவைச்சிடலாம். கஸ்டமர் வீட்டு வாசல்ல இறங்குனதும் உள்ளங்கையை லேசா நனைச்சு வகிடு பக்கம் ரெண்டு தடவை தடவிட்டு, ஜடையை மேல சுருட்டி ஒரு கேட்ச் கிளிப் போட்டா முடிஞ்சு போச்சு. பளபளன்னு கல்லு வெச்ச கிளிப் வேணாம், கருப்பு இல்ல பழுப்பு. ஐப்பசி கார்த்திகை மழையில ஈரத்தலையோட ஹெல்மெட் மாட்டிக்கிட்டு கிளம்புறீங்க பாருங்க, அதை முதல்ல விடுங்க, நாத்தம் வரும், பொடுகு இருந்தா அதிகமாகும். வகிடையும் வாரத்துக்கு ஒரு தடவை இடம் மாத்துங்க.

மன்னார்குடி பக்கம் அக்கா. பையனுக்காக வேண்டிக்கிட்டு வேளாங்கண்ணில மொட்டை போட்டேன், மூணு மாசம் ஆகுது. மரச்செக்கு எண்ணெய் ஆலை போட லோனுக்கு அடுத்த மாசம் பேங்க் மேனேஜரை பாக்கணும். இந்த தலையோட போக கூச்சமா இருக்கு, விக் வாங்கலாமா?

கூச்சமே வேணாம் மா, வேண்டுதலுக்கு மொட்டை போடுறது நம்ம ஊர்ல யாருக்கும் புதுசு இல்ல, மேனேஜருக்கும் தான். நம்ம வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் விக் போட்டா உள்ள வேர்த்து நமநமன்னு அரிக்கும், பேசுற பேச்சுல உங்க கவனமே இருக்காது. மூணு மாசம்னா இப்ப மூணு நாலு சென்டிமீட்டர் இருக்கும், அதுவே ஒரு குட்டை கட்டிங் மாதிரி தான். பிரச்சனை எங்க வரும்னா பிடரியிலயும் காதைச் சுத்தியும் தாறுமாறா நீண்டு நிக்கும், மேல குட்டையா தெரியும். ஒரு நல்ல பார்லர்ல போய், மேல கைய வைக்காம பிடரியும் காது ஓரமும் மட்டும் சீராக்கி விடச் சொல்லுங்க, மாசம் ஒரு தடவை இதை பண்ணினாலே வளர்ற வரைக்கும் ஒவ்வொரு கட்டமும் நீங்களே விரும்பி வெட்டிக்கிட்ட மாதிரி இருக்கும். ஒரு சொட்டு தேங்காய் எண்ணெயை கையில தேய்ச்சு ஒரு பக்கமா படிய வாருங்க. காதுல கொஞ்சம் பெரிய கம்மலோ சின்ன ஜிமிக்கியோ, நெத்தியில தெளிவா ஒரு பொட்டு, கஞ்சி போட்ட காட்டன் புடவை. முகம் ரொம்ப லட்சணமா இருக்கும், நிஜமாவே சொல்றேன்.

மொட்டை ஏன் போட்டீங்கன்னு அவங்களா கேட்டா ஒரு வரியில சொல்லுங்க, கேக்காதப்ப நீங்களா விளக்கம் சொல்லாதீங்க. அவர் பாக்கப்போறது உங்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டையும் மெஷின் கொட்டேஷனையும் தான்.

திருவாரூர்லேருந்து எழுதுறேன். சுருட்டை முடி, மழைக்காலத்துல பொம்முன்னு பறக்குது. போர் தண்ணி வேற. ட்ரெய்னிங் சென்டர் நடத்துறேன், பேரன்ட்ஸ் முன்னாடி நிக்கணும். பார்லர்ல க்ரீம் தடவி சூடு வெச்சு முடியை நேராக்குற கெரட்டின் ஸ்ட்ரெய்ட்டனிங் பண்ணிக்கலாமா, ஃபார்மால்டிஹைடுங்கிற கெமிக்கல் இல்லாததுன்னு சொல்றாங்க.

ஈரக்காத்துல முடி பறக்குறதுக்கு காரணம் இருக்கு. முடிக்குள்ள இருக்குற புரதத்துல சில பிணைப்புகள் தண்ணி பட்டா விட்டுப்போகும், காய்றப்ப வேற இடத்துல புதுசா சேரும். டெல்டாவுல ஐப்பசி பொறந்தா காத்து முழுக்க ஈரம் தானே, நாள் பூரா அது நடந்துக்கிட்டே இருக்கும், சுருட்டை முடியில அது இன்னும் எடுப்பா தெரியும். முடி மேல தப்பு இல்ல.

கெரட்டின் விஷயத்துல நான் உங்களை பயமுறுத்துறதுக்கு சொல்லல, தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க. ஃபார்மால்டிஹைடு மனுஷங்களுக்கு புத்துநோய் உண்டாக்கக்கூடியதுன்னு உலக சுகாதார நிறுவனத்தோட புத்துநோய் ஆய்வு அமைப்பு 2004லயே சொல்லிடுச்சு, க்ரீமை சூடு பண்றப்ப வர்ற அந்தப் புகையை மூடின ஏசி ரூம்ல இழுக்குறது பண்ணிக்கிறவங்களை விட தினமும் பண்ணி விடுற பார்லர் பொண்ணுங்களுக்கு இன்னும் மோசம். அது இல்லன்னு விக்கிற சில க்ரீம்ல கிளையாக்சிலிக் ஆசிட் இருக்கும். அப்படி ஒண்ணு போட்டு ஸ்ட்ரெய்ட்டனிங் பண்ணிக்கிட்ட ஒரு பொண்ணுக்கு ஒவ்வொரு தடவையும் கிட்னி பாதிச்சதுன்னு 2024ல ஒரு பெரிய மருத்துவ இதழ்லயே வந்துச்சு. இதெல்லாம் தெரிஞ்சதுலேருந்து நான் யாருக்கும் பரிந்துரைக்கிறதில்ல. கட்டாயம் பண்ணியே ஆகணும்னா டப்பாவை கையில வாங்கி என்னென்ன போட்டிருக்குன்னு படிச்சுட்டு உக்காருங்க, படிக்க குடுக்கலன்னா எந்திரிச்சு வந்துடுங்க.

சுருட்டையை சுருட்டையாவே அழகா வெச்சுக்கலாம் மா. காய்ஞ்ச தலையில சீப்பு போடாதீங்க, கண்டிஷனர் தலையில இருக்குறப்பவே பெரிய பல்லு சீப்பால நுனியிலேருந்து சிக்கு எடுங்க. உப்புத்தண்ணி போருன்னா கடைசி ஒரு சொம்பு மட்டும் ஃபில்டர் தண்ணி ஊத்தி அலசுங்க, வித்தியாசம் தெரியும். துண்டால அழுத்தி துடைக்காம பழைய காட்டன் துணியில பொத்தி எடுங்க. ஈரம் இருக்கும்போதே அலசாம அப்படியே விடுற லீவ் இன் க்ரீம் கொஞ்சம் தடவி கையால சுருட்டி விட்டு அப்படியே காய விடணும். கிளாஸுக்கு போறப்ப முன்பக்கம் ரெண்டு பக்கமும் எடுத்து பின்னாடி ஒரு கிளிப்புல அடக்குங்க, மீதி சுருட்டை முதுகுல விழட்டும், இல்ல தாழ்வா கொண்டை. அடைமழை நாள்ல கொண்டை தான், அதுல யோசிக்கவே வேணாம். கட்டிங் போனா சுருட்டை முடியை காய்ஞ்ச நிலையில வெட்டச் சொல்லுங்க, ஈரத்துல வெட்டினா காய்ஞ்சதும் சுருங்கி மேல ஏறிடும்.

பட்டுக்கோட்டை. மசாலாப்பொடி, ஊறுகாய் யூனிட் வெச்சிருக்கேன். எனக்கு பூ இல்லாம வெளிய போயே பழக்கம் இல்ல. மீட்டிங்குக்கு பூ வெச்சுட்டு போறது சரியா?

தாராளமா வெச்சுட்டு போங்க. மூடின ஏசி ரூம்னா மல்லி, ஜாதிமல்லி வாசனை கொஞ்சம் தூக்கலா தெரியும், சில பேருக்கு தலைவலியும் வரும், கனகாம்பரம் வாசனையே இல்லாதது, நிறமும் எடுப்பு. ரெண்டு விரல் அளவு போதும், தோள் வரைக்கும் தொங்க வேணாம். மத்தியானம் வாடிடுச்சுன்னா எடுத்துடுங்க, வாடின பூ களைச்ச மாதிரி காட்டும்.

ஆனா யூனிட்டுக்குள்ள காலை வெச்சா பூவும் கூடாது, கிளிப்பும் கூடாது, முடி முழுக்க தொப்பிக்குள்ள இருக்கணும். உணவை கையாளுறவங்க தலையை மூடியிருக்கணும்னு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.ங்கிற உணவு பாதுகாப்பு ஆணையத்தோட விதியிலயே இருக்கு. ஊறுகாய் பாட்டில்ல ஒரே ஒரு முடி இருந்தா உங்க அத்தனை வருஷ பேரும் போயிடும், வேலை செய்ற பொண்ணுங்க எல்லாரையும் ஜடையை சுருட்டி தொப்பி போட்டுட்டு தான் உள்ள விடணும்.

தஞ்சாவூர், 46 வயசு, ஆடிட்டிங் ஆபீஸ். முன்பக்கம் நரை. டை அடிக்கணுமா, அப்படியே விடலாமா?

ரெண்டுமே நல்லா தான் இருக்கும். விடுறதா இருந்தா தோள் அளவு ஸ்ட்ரெய்ட் கட்டோ படிய வாரின கொண்டையோ வெச்சுக்கோங்க, நரை ஒழுங்கா வாரி இருந்தா ஆபீஸ்ல ஒரு கம்பீரம் குடுக்கும். அடிக்கிறதா இருந்தா கன்னங்கரேல்னு வேணாம், அடர் பழுப்பு முகத்துக்கு இதமா இருக்கும். பெரும்பாலான டையில பி.பி.டி.ங்கிற கெமிக்கல் இருக்கும், பல வருஷமா ஒத்துக்கிட்டவங்களுக்கே திடீர்னு ஒருநாள் அலர்ஜி ஆகலாம், அதனால ஒவ்வொரு தடவையும் காதுக்கு பின்னாடி கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பாருங்க. மருதாணிப்பொடின்னு சொல்லி ஒரே தடவையில கருப்பாக்குதுன்னா சந்தேகப்படுங்க, தனி மருதாணி செம்பட்டை தான் தரும், கருப்பு வேணும்னா மருதாணி போட்டு அலசிட்டு அப்புறம் அவுரி போடணும். அரை நாள் வேலை, ஞாயித்துக்கிழமை வெச்சுக்கோங்க. அவுரிப்பொடிக்கும் அதே காது டெஸ்ட் உண்டு.