சிரிக்க எத்தனை மொழி வேண்டும்?

கேள்வி: ஹாங்காங்கின் பழைய கேண்டனீஸ் காமெடிப் படங்களை பர்மிய சப்டைட்டிலோடு பார்க்கிறீர்களாமே! சிரிப்பு வருமா?
(வாசகர், தேவகோட்டை)

பதில்: ஏன் வராது? நான் ரங்கூனில் பிறந்தவன். 1964இல் பன்னிரண்டு வயதில் கப்பலேறி வந்தவன். ஆங்கிலத்தைவிட அந்த உருண்டை எழுத்து எனக்குச் சீக்கிரம் பிடிபடும். ரசிகர்கள் ஆசைக்குப் போடுகிற சப்டைட்டில், எழுத்துப்பிழை தாராளம். ஆனால் சீடன் 'சிஃபூ' என்றால் கீழே 'சயா' என்று வரும். நம்ம 'வாத்தியாரே'தான். ஆங்கில 'மாஸ்டர்' விறைப்பாக நிற்கும். பர்மிய மொழியிலும் தமிழ் மாதிரி வினைச்சொல் கடைசியில்தான்; வரியை முழுக்கப் படித்தால்தான் விஷயம் புரியும். பேரன் சேஷ்டையைப் பார்த்துச் சிரித்து முடித்தபின் நான் ஆரம்பிப்பேன்!

ஹாங்காங் காமெடி நடிகர் ஸ்டீபன் சௌ பாணிக்கு 'மோ லெய் தாவ்' என்று பெயர். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற கலை. சிலேடை வந்தால் சப்டைட்டில்காரர் பாதி இடங்களில் கைவிரித்துவிடுவார். ஒருமுறை அடைப்புக்குறிக்குள் 'இது சிரிக்க வேண்டிய இடம்' என்றே எழுதியிருந்தார். அந்தப் படத்தில் நான் அதிகம் சிரித்தது அதற்குத்தான்.

புதிதாகப் பார்க்கிறீர்களா? 1976இல் வந்த 'தி பிரைவேட் ஐஸ்'. சமையலறைச் சண்டையில் நடிகர் மைக்கேல் ஹூய் சாசேஜ் சரத்தை, சங்கிலியில் கோத்த இரட்டைத் தடியான நுன்சாக்கு மாதிரி சுழற்றுவார். அங்கே எந்தச் சப்டைட்டிலும் வேண்டாம்.