கேள்வி மேல் கேள்வி கேட்பவரை என்ன செய்வது?

தம்பி, பாம்பன் வாட்ஸ்அப் குழுவில், இரண்டு படகுகள் சேர்ந்து இழுக்கும் இரட்டைமடி வலையை நிறுத்தச் சொல்லி எழுதியதும், ஒருவர் "ஆதாரம் எங்கே? எந்தப் படகு? நீ கடலுக்குப் போயிருக்கிறாயா?" என்று ராத்திரி முழுக்கக் கேட்டுப் பேச்சையே திசைதிருப்பிவிட்டதாகச் சொல்லியிருந்தீர்கள்.

தெரிந்துகொள்ளக் கேட்பவர், பதில் வந்ததும் அதைப் பற்றிப் பேசுவார். இவர் பதிலைத் தொடவே மாட்டார், அடுத்த கேள்விக்குத் தாவுவார். கேட்க அவருக்கு ஒரு வரி போதும், பதில் தேட உங்களுக்கு ஒரு மணி நேரம். அதில்தான் உங்களைக் களைப்படைய வைக்கிறார்.

ஒரு கேள்விக்கு மட்டும், ஒரே ஒரு முறை பதில் போடுங்கள்: 1983-ம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் இரட்டைமடிக்குத் தடை இருக்கிறது. அப்புறம் நீங்கள் கேளுங்கள்: "அண்ணே, அந்த வலை வேண்டும் என்கிறீர்களா, வேண்டாம் என்கிறீர்களா?" நேரான பதில் வரும்வரை அங்கேயே நில்லுங்கள். கடலுக்குப் போனீர்களா என்பதற்குப் பதிலே வேண்டாம். அந்த வலை குஞ்சு மீனையும் சேர்த்து அள்ளுவது யார் சொன்னாலும் உண்மைதான்.

குழுவில் இருக்கும் நாட்டுப்படகுக்காரர்கள் சத்தமில்லாமல் படித்துக்கொண்டுதான் இருப்பார்கள். அவர்களை நினைத்து எழுதுங்கள், அவரை விடுங்கள்.