புலி பார்க்கப் போகிறீர்களா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மே மாதம் குழந்தைகளோடு மத்தியப் பிரதேசத்தின் புலிக் காடுகளான கான்ஹா, பாந்தவ்கர் இரண்டையும் மூன்றே நாளில் பார்த்துவிடலாமா? அந்த வெயிலில் புலி வெளியே வருமா?

பதில்: பார்க்கலாம், ஆனால் வேண்டாம். ஒரு காட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகவே பகலில் பாதி கார் பயணத்தில் கழிந்துவிடும். அந்த மூன்று நாளில் ஒரே காட்டில் நான்கு சவாரி போங்கள். வெயிலில் புலி அதிகம் நடமாடாது. காலையில் எந்தக் குட்டையருகே தென்பட்டதோ, மாலையிலும் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். காலையில் கிடைத்த துப்பு மாலைக்கு உதவும். காடு மாறினால் அது வீண்.

வெயில் உங்களுக்குத்தான் தொல்லை. புலி பார்க்க அதுவே நல்ல காலம். இலை உதிர்ந்து காடு வெளுத்திருக்கும், தண்ணீரும் சில இடங்களில்தான் மிஞ்சும். ஜூலை முதல் செப்டம்பர் வரை காட்டின் மையப்பகுதி மூடியிருக்கும். புதன்கிழமை மாலைச் சவாரி கிடையாது. பலர் கோட்டைவிடுவது இதில்தான்.

அனுமதிச் சீட்டை வனத்துறையின் இணையதளத்திலேயே முன்பதிவு செய்யுங்கள். ஒரு ஜிப்ஸியில் (காட்டுக்குள் போகும் திறந்த ஜீப்) ஆறு பேர். பதிவில் கொடுத்த அதே அடையாள அட்டையின் அசல் கையில் இருக்க வேண்டும்; ஆதாரில் பதிந்துவிட்டு ஓட்டுநர் உரிமத்தை நீட்டினால் வாசலில் வாக்குவாதம்தான். ஜிப்ஸி வாடகையும் வழிகாட்டிக் கட்டணமும் தனி.

கேள்வி: போன முறை வழிகாட்டி அடிக்கடி வண்டியை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். நேரத்தை ஓட்டுகிறாரோ?

பதில்: இல்லை, காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். இன்ஜின் ஓடினால் எச்சரிக்கைக் குரல் காதில் விழாது. புள்ளிமான் சின்னச் சலசலப்புக்கும் கத்திவிடும். மரத்தின் மேலிருந்து லங்கூர் குரங்கு கத்தினால் எதையோ கண்டிருக்கிறது, அது சிறுத்தையாகவும் இருக்கலாம். கடமான் அடித்தொண்டையில் ‘டாங்க்’ என்று விட்டுவிட்டுக் கத்தினால் மட்டும் அசையாமல் காத்திருங்கள். அது லேசில் ஏமாறாது.

அவர் தரையையும் பார்த்திருப்பார். காலடித் தடம் டயர் தடத்தின் மேல் பதிந்திருந்தால், முந்தைய வண்டி போன பிறகு புலி கடந்திருக்கிறது. டயர் அதை மிதித்திருந்தால், பழசு. அவர் தடம் பார்க்கும்போது “வேகமாப் போங்க” என்று அவசரப்படுத்தாதீர்கள். புழுதி கிளம்பும், தடமும் அழியும்.