பட்டறைக் கேள்வி–பதில்: ஷார்ட் ஷிஃப்டர் போடலாமா?

ஐயா, என்னுடையது பத்து வருஷம் ஓடிய சின்ன ஹேட்ச்பேக். ஐந்து கியர், லிவரையும் கியர்பாக்ஸையும் கேபிள் இணைக்கும் டைப். ஒவ்வொரு கியருக்கும் கை ரொம்ப தூரம் போய் வருகிறது. ஆன்லைனில் ஷார்ட் ஷிஃப்டர் (கை போகும் தூரத்தைக் குறைக்கும் கியர் லிவர்) வாங்கிப் போட்டால் சரியாகுமா? நானே மாட்டலாமா?
வாசகர், ராமநாதபுரம்

மாட்டலாம். ஆனால் வாங்குவதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். கம்பெனி வைத்த அளவே நீளமாக இருந்தாலும் கை தூரம் போகும். நடுவில் இருக்கிற புஷ்கள் (இணைப்புகளில் ஆட்டம் வராமல் பிடிக்கும் சின்ன உறைகள்) தேய்ந்து, லிவர் நகர்ந்தும் கியர்பாக்ஸ் நகராமல் இருந்தாலும் போகும். பத்து வருஷ வண்டி, அதுவும் கடலோர வண்டி என்றால் புஷ் மேல்தான் முதல் சந்தேகம். தேய்ந்த புஷ்ஷோடு ஷார்ட் ஷிஃப்டரை மாட்டினால் தூரம் குறையும், கொளகொளப்பு போகாது.

இன்ஜினை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, மூன்றாவது கியரில் வையுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து லிவர் தலையில் இருக்கும் நாப்பை முன்னும் பின்னும் லேசாக ஆட்டட்டும். இன்னொருவர் பானெட்டைத் திறந்து கியர்பாக்ஸ் மேல் கேபிள் மாட்டியிருக்கிற ஆர்மைப் பார்க்கட்டும். நாப் இரண்டு விரல் அகலம் ஆடியும் ஆர்ம் அசையவில்லை என்றால் புஷ் போய்விட்டது. நியூட்ரலில் வைத்துப் பார்க்காதீர்கள். நியூட்ரலில் எல்லா வண்டியும் ஆடும்.

புஷ் இருக்கும் இடங்கள்: லிவர் அடியில் பந்து உட்காரும் நைலான் கிண்ணம், இரண்டு கேபிள்களின் இரண்டு முனைகள், ஷிஃப்டர் அடித்தட்டை பாடியோடு பிடிக்கும் ரப்பர்கள். இவற்றை மாற்றினாலே பாதிப் பேருக்கு ஷார்ட் ஷிஃப்டர் ஆசை தீர்ந்துவிடும். பாலியூரித்தேன் அல்லது நைலான் புஷ் வாங்குங்கள். பித்தளை புஷ் கெட்டியாக இருக்கும் என்று சிலர் விற்பார்கள். இந்தக் கரைக்கு அது வேண்டாம். உப்பு ஈரத்தில் பித்தளையும் இரும்பும் ஒட்டி இருந்தால் இரும்புதான் அரிபடும். புஷ் புதுசாகவே இருக்கும், அதற்குள் இருக்கும் இரும்புப் பின் (pin) தேய்ந்து போகும். போதாததற்கு இன்ஜின் அதிர்வு முழுவதும் கைக்கு வரும்.

புஷ் மாற்றியும் தூரம் அதிகம் என்று தோன்றினால் ஷார்ட் ஷிஃப்டருக்கு வாருங்கள். கணக்கு எளிது. பந்துக்கு மேலே லிவர் 240 மி.மீ., கீழே 60 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 4க்கு 1. கேபிளை 15 மி.மீ. இழுக்க நாப் 60 மி.மீ. போக வேண்டும். கீழ்ப் பாகத்தை 75 மி.மீ. ஆக்கினால் விகிதம் 3.2 ஆகும், நாப் 48 மி.மீ. போனால் போதும். தூரத்தில் 20 சதவீதம் மிச்சம். ஆனால் அதே வேலைக்குக் கை 25 சதவீதம் கூடுதலாக அழுத்த வேண்டும். ‘40 சதவீதம் குறையும்’ என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பி வாங்கினால் அழுத்தம் 67 சதவீதம் கூடும். டவுன் டிராஃபிக்கில் அதை வைத்துக்கொண்டு கஷ்டப்படுவீர்கள். 15 முதல் 20 சதவீதம் போதும்.

சிலர் லிவரின் மேல்பக்கத்தை அறுத்து, மரை போட்டு, நாப்பை இறக்கி வைப்பார்கள். 240ஐ 200 ஆக்கினால் நாப் 50 மி.மீ. போகும். செலவு குறைவு, லேத் பட்டறையில் அரை மணி வேலை. ஆனால் கை கீழே இறங்கிவிடும். ரிவர்ஸ் போட வளையத்தைத் தூக்கும் லிவரில் செய்யவே முடியாது. கீழ்ப்பக்கத்தை வெல்டிங் வைத்து நீட்டுவது மட்டும் கூடாது. வெல்டிங் சூட்டில் நைலான் பந்து உருகும். ஒட்டு விட்டுப்போனால் பாம்பன் பாலத்து நடுவில் ஒரே கியரில் நிற்பீர்கள். முழு லிவராக வரும் கிட்டைத்தான் வாங்க வேண்டும்.

மாட்டும் முறை: வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஐந்து நிமிஷமாவது காத்திருங்கள். நிறைய கார்களில் ஏர்பேக் கன்ட்ரோல் பெட்டி கியர் லிவருக்குப் பக்கத்திலேயே இருக்கும். அதன் மேல் ஸ்பேனர் விழக்கூடாது, அதன் போல்ட்டையும் தொடக்கூடாது. நாப், தோல் பூட், நடு கன்சோல் என்று வரிசையாகக் கழற்றுங்கள். கேபிளைக் கழற்றும் முன், கேபிள் நீளத்தைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் எந்த இடத்தில் பூட்டியிருக்கிறது என்று பெயின்ட் அல்லது வெள்ளை மார்க்கரால் கோடு போட்டுவிடுங்கள். இந்த ஒரு கோட்டைப் போடாதவர்கள்தான் பிறகு ஐந்தாவது கியரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

கேபிள் முனை பந்தில் அழுத்தி மாட்டிய டைப் என்றால், துணி சுற்றிய தட்டை ஸ்க்ரூ டிரைவரை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கொடுத்துக் கிளப்புங்கள். ஒரே பக்கம் நெம்பினால் பிளாஸ்டிக் கிண்ணம் உடையும், முழு கேபிளும் புதுசு வாங்க வேண்டிவரும். பிறகு நான்கு போல்ட். ஷிஃப்டர் மேலே வந்துவிடும். பழைய கிரீஸை வழித்துத் துடைத்து, புதுப் பந்தில் சிலிகான் கிரீஸ் தடவுங்கள். பட்டறையில் இருக்கிற எந்த கிரீஸையும் ரப்பரில் தடவாதீர்கள், ரப்பர் ஊதிவிடும்.

திருப்பி மாட்டியதும் நியூட்ரலில் அட்ஜஸ்டரைப் பூட்டுங்கள். சில கார்களில் அடித்தட்டில் ஒரு ஓட்டை இருக்கும். அதில் பின்னைச் செருகினால் லிவர் நடுவில் நிற்கும். கன்சோலை மூடும் முன், இன்ஜினை ஆன் செய்யாமல், ஒவ்வொரு கியரையும் போட்டுப் பாருங்கள். கியர் முழுவதும் விழுந்த பிறகும் லிவர் கன்சோலையோ தட்டையோ முட்டக்கூடாது. முட்டினால் கியர் அரைகுறையாக விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படி ஓட்டினால் கியர் கழன்று வரும், உள்ளே பற்களின் முனை உருண்டுபோகும். அந்தச் செலவு கிட் விலையைப் போலப் பல மடங்கு. ரிவர்ஸ் தடுப்பு வேலை செய்கிறதா என்று கடைசியில் பாருங்கள். ஐந்திலிருந்து நான்குக்கு வரும்போது கை தவறி ரிவர்ஸ் பக்கம் போகக்கூடாது.

கியர்பாக்ஸ் பக்கத்து ஆர்மில் இரும்புக் குண்டு ஒன்று தொங்கும் சில கார்களில். வேண்டாத பாரம் என்று நினைத்துக் கழற்றிவிடாதீர்கள். கியர் வழுக்கிக்கொண்டு விழுவதற்கு அதுதான் உதவுகிறது.

வீடு கடலுக்குப் பக்கம். நான்கு நாள் நிறுத்தி வைத்தால் கியர் இறுகிவிடுகிறது. கொஞ்ச நேரம் ஓட்டினால் பரவாயில்லை. நல்ல ஷிஃப்டர் செட்டாக மாற்றிவிடலாமா?
வாசகர், பாம்பன்

ஷிஃப்டரை விட்டுவிடுங்கள், கேபிளைப் பாருங்கள். கேபிள் உள்ளே முறுக்குக் கம்பி, அதைச் சுற்றி வழுவழுப்பான பிளாஸ்டிக் உறை, வெளியே கவசம். கியர்பாக்ஸ் முனையில் மடிப்பு மடிப்பாக ஒரு சின்ன ரப்பர் பூட் இருக்கும். இன்ஜின் சூட்டில் அது முதலில் வெடிக்கும். வெடிப்பு வழியாக உப்பு ஈரம் இறங்கிக் கம்பி துருப்பிடித்து உப்பும். ஓட்ட ஓட்டத் துரு உதிர்வதால் இளகுகிறது. நிறுத்தினால் மறுபடி இறுகுகிறது.

உறுதி செய்ய, கியர்பாக்ஸ் பக்கம் இரண்டு கேபிளையும் கழற்றுங்கள். ஆர்மைக் கையால் நகர்த்திப் பாருங்கள். சுலபமாக நகர்ந்தால் கியர்பாக்ஸில் குற்றம் இல்லை. பிறகு உள்ளே லிவரை அசையுங்கள். கேபிள் தனியாக இருக்கும்போது இரண்டு விரலால் நகர வேண்டும். முன்–பின் இறுகினால் ஷிஃப்ட் கேபிள், இடம்–வலம் இறுகினால் செலக்ட் கேபிள். ஒன்று துருப்பிடித்தால் மற்றதும் பின்னாலேயே வரும், இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். எண்ணெய் ஊற்றினால் ஒரு வாரம் தாங்கும், அவ்வளவுதான்.

புதுக் கேபிள் போட்டதும் அந்த ரப்பர் பூட் உள்ளே சிலிகான் கிரீஸ் அடைத்து, வாய்ப்பக்கத்தை ஜிப் டையால் கட்டிவிடுங்கள். வாட்டர் வாஷில் இன்ஜின் பகுதியை பிரஷரில் அடிக்கச் சொல்லாதீர்கள். நம்ம ஊரில் பல இடங்களில் வாஷ் தண்ணீரே உப்பு போர் தண்ணீர். அடித்தால் அது நேராக ரப்பர் பூட் உள்ளே போகும். கச்சான் காற்றில் தனுஷ்கோடி ரோட்டில் மணல் பறக்கிற நாட்களில் அரிச்சல்முனை போய் வந்தால், நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடிப்பகுதியைக் கழுவுங்கள்.

இன்னொரு சோதனையும் செய்யுங்கள். இன்ஜின் ஆஃபில் எல்லா கியரும் வழுக்கிக்கொண்டு விழுந்து, ஆனில் மட்டும் முதல் கியரும் ரிவர்ஸும் முரண்டு பிடித்தால் கேபிளும் குற்றவாளி இல்லை. கிளட்ச் முழுவதும் விடவில்லை.

மச்சான் துபாயிலிருந்து அலுமினிய நாப் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார், நல்ல கனம். மாட்டினால் கியர் சுலபமாக விழும் என்கிறார். உண்மையா?
வாசகர், கீழக்கரை

ஓரளவு உண்மை. கனம் கூடினால் கையின் வேகம் சிங்க்ரோ (கியர்களின் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்) இடத்தில் தட்டி நிற்காமல் தாண்டும். 200–250 கிராம் வரை நல்லது. 400 கிராம் எல்லாம் தேய்ந்த கியர்பாக்ஸில் ஆபத்து, குழியில் இறங்கும்போது அந்த பாரமே கியரை வெளியே இழுக்கும்.

முதலில் மரை பொருந்துகிறதா பாருங்கள். ஹோண்டாவில் பெரும்பாலும் 10 x 1.5, டொயோட்டாவில் 12 x 1.25. முதல் எண் விட்டம், இரண்டாவது ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் உள்ள இடைவெளி, இரண்டும் மி.மீ. கணக்கு. 1.25 மரையில் 1.5 நாப்பைத் திருகினால் இரண்டு சுற்று போய் இறுகும். பலம் கொடுத்துத் திருகினால் லிவரின் மரை போய்விடும். நாப்புடன் மூன்று பக்கத் திருகு வைத்து ‘எல்லா காருக்கும் பொருந்தும்’ என்று வருவது நாளாக நாளாகக் கழன்று கையோடு வரும். ரிவர்ஸுக்கு வளையத்தைத் தூக்கும் கார் என்றால் அந்த வளையத்தைப் பிடிக்க அடாப்டர் உள்ள நாப்தான் வேண்டும்.

மாட்டும்போது மரையில் துளி கிரீஸ் வையுங்கள். இங்கே அலுமினியமும் இரும்பும் இரண்டு மழைக்காலத்தில் ஒன்றோடு ஒன்று பிடித்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் நிறுத்தினால் நாப் மேல் ஒரு துண்டைப் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் சூட்டில் கை வைக்க முடியாது.

மீன் பெட்டி ஏற்றும் ஆம்னி வேன். கியர் லிவர் தொளதொளவென்று ஆடுகிறது. இதற்கு நல்ல செட் கிடைக்குமா?
வாசகர், தொண்டி

கேபிள் இல்லாத ராடு டைப் இது. லிவர் அடியிலும் ராடு இணைப்பிலும் உள்ள புஷ்கள் ஸ்பேர் கடையில் செட்டாகவே கிடைக்கும். பெரிய அப்கிரேடு ஒன்றும் தேவையில்லை. ஐஸ் உருகி வடியும் மீன் தண்ணீர் தரை ஓட்டைகள் வழியாக ராடு இணைப்பில் சொட்டுவதுதான் நோய். புஷ் மாற்றும்போது பின்னையும் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தால் புது புஷ் மூன்று மாசம்கூட நிற்காது. போல்ட் துளை முட்டை வடிவம் ஆகியிருந்தால் லேத்தில் பெரிதாக்கி உறை போட வேண்டும். பெட்டிக்கு அடியில் தட்டு வைத்து, வடிகுழாயை வண்டிக்கு வெளியே பின்பக்கம் விடுங்கள்.

இரண்டாவது கியர் பள்ளத்தில் இறங்கும்போது கழன்று வருகிறது. ஷார்ட் ஷிஃப்டர் நிறுத்துமா?
வாசகர், ஏர்வாடி

நிறுத்தாது. அட்ஜஸ்ட்மென்ட்டையும் இன்ஜின் மவுன்டையும் மட்டும் முதலில் பாருங்கள். மவுன்ட் கிழிந்து இன்ஜின் ஆடினால், முக்கியமாக ராடு டைப்பில், கியரை அதுவே இழுக்கும். இரண்டும் சரி என்றால் உள்ளே கியரைப் பூட்டும் ஸ்லீவின் பற்களோ, அதை நிலையில் நிறுத்தும் பந்து–ஸ்பிரிங்கோ தேய்ந்திருக்கிறது, கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும். லிவரைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஓட்டும் பழக்கத்தை இன்றே விடுங்கள், உள்ளே ஸ்லீவை நகர்த்தும் ஃபோர்க்கும் சேர்ந்து தேயும். கெட்டியான ஆயில் ஊற்றிச் சமாளிக்கச் சொன்னாலும் கேட்காதீர்கள். காருடன் வந்த புத்தகத்தில் கியர் ஆயில் தரம் ஜி.எல்.4 என்று இருந்தால் ஜி.எல்.4தான். ஜி.எல்.5-இல் உள்ள கூடுதல் ரசாயனம் பித்தளை சிங்க்ரோ ரிங்குக்கு ஆகாது.

லிவர், நாப் மாற்றினால் ஆர்.டி.ஓ. பிரச்சினை வருமா?
வாசகர், மண்டபம்

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படியான மாற்றங்களைப் பற்றியது. நாப்பும் லிவரும் ஆர்.சி.யில் ஏறுவதில்லை. ஆனால் வாரன்டி உள்ள வண்டி என்றால், கியர்பாக்ஸ் பழுதுக்கு மாற்று லிவரைக் காரணம் காட்ட வாய்ப்பு உண்டு. பழைய லிவரையும் நாப்பையும் எண்ணெய் தடவி, பிளாஸ்டிக் பையில் கட்டி, வீட்டுக்குள்ளே வையுங்கள். மாடியிலோ கார் ஷெட்டிலோ வைத்தால் தேவைப்படும்போது துருதான் இருக்கும்.